நம்ம கார்

சிக்னலில் நின்றிருந்தேன். எதிர்ப்பக்கம் ஒரு வேனுக்குப் பின்னால் நீல நிறத்தில் ஒரு மூக்கு தெரிந்தது. மூக்கு மட்டும்தான்; மற்றதையெல்லாம் வேன் மறைத்துக்கொண்டிருந்தது. எனக்கு அது போதும். தரையோடு தாழ்ந்து, லேசாக வாய் திறந்து சிரிக்கிற அந்த முகத்தை அரை வெளிச்சத்திலும் கண்டுபிடித்துவிடுவேன். என் வண்டிக்கும் அதே முகம்.

பச்சை விழுந்தது. இரண்டு பேரும் நகர்ந்தோம். என் வண்டியின் டாஷ்போர்டு நடுவில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் விளக்கு எரியாமலேயே இரண்டு ஹெட்லைட்டும் பானெட்டிலிருந்து மேலே எழும்பும், படுத்திருப்பவர் கண் விழிப்பதுபோல. அழுத்தினேன், எழுந்தன. மறுபடி அழுத்தினேன், படுத்துக்கொண்டன. எதிரில் வந்தவருக்கு முதலில் பிடிபடவில்லை போலிருக்கிறது. பக்கத்தில் வரும்போதுதான் அவருடைய விளக்குகளும் சட்டென்று எழுந்தன. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் நான்கு விரல்களை மட்டும் தூக்கிக் காட்டினார். அதற்குள் கடந்துவிட்டோம். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. தொப்பி போட்டிருந்தார் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

எல்லாம் சேர்த்து ஐந்து விநாடி இருக்கும். அன்று சாயங்காலம் வரைக்கும் மனசு நிறைந்து கிடந்தது. இந்த ஐந்து விநாடியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என்னுடையது 1992ல் செய்த மாஸ்டா எம்எக்ஸ்-5. சிவப்பு. இரண்டே இருக்கை, துணிக்கூரை, 1.6 லிட்டர் இன்ஜின், பின்சக்கரங்களுக்குச் சக்தி போகிற அமைப்பு. எடை ஒரு டன்னுக்கும் குறைவு. ஒன்பது வருடமாக என்னிடம் இருக்கிறது. வேகமான கார் என்று சொல்ல முடியாது. ஆனால் வளைவில் திருப்பும்போது கை நினைத்ததும் வண்டி செய்ததும் வேறு வேறாகத் தெரியாது. இதைச் செய்தவர்கள் குதிரையும் ஓட்டுபவரும் ஒரே உடம்பு என்று பொருள்படும் ‘ஜின்பா இத்தாய்’ என்ற ஜப்பானியச் சொல்லை மனதில் வைத்துத்தான் செய்தார்களாம். அந்தச் சொல் எனக்கு வண்டி வாங்கி ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஆனால் முதல் நாளே அதை உடம்பு தெரிந்துகொண்டது.

வண்டி வந்த புதிதில் மகளுக்கு ஆறு வயது. அவளுக்கான இருக்கையில் பெல்ட் போட்டு உட்காரவைத்து மெதுவாக ஒரு சுற்றுப் போவோம். அப்படிப் போன ஒரு நாள், சாலையோரம் நின்றிருந்த வெள்ளை எம்எக்ஸ்-5ஐப் பார்த்துக் கத்தினாள்: “அப்பா, நம்ம கார்!”

“அது நம்மளுது இல்ல கண்ணு. வேற யாரோடதோ.”

“தெரியும்ப்பா. ஆனா நம்ம கார்தான்.”

திருத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. தமிழில் ‘எங்க கார்’ என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். ‘நம்ம கார்’ என்றால் கேட்பவரும் உள்ளே வந்துவிடுகிறார். நாங்கள், நாம் என்று இரண்டு வைத்திருக்கிற மொழியில் பிறந்த குழந்தை அவள். அந்த வெள்ளை வண்டி யாருடையது என்பது அவளுக்குக் கவலையில்லை. அந்த யாரோ ஒருவரையும் சேர்த்து ‘நாம்’ என்று கூப்பிட்டுவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த எம்எக்ஸ்-5ஐப் பார்த்தாலும் அது நம்ம கார்தான். “இன்னைக்கு ரெண்டு நம்ம கார் பாத்தேன்” என்று நானே வீட்டில் வந்து சொல்லுவேன்.

ஒரு வண்டி வாங்கியதும் ஊரெல்லாம் அதே வண்டியாகத் தெரியும் என்பது எல்லோருக்கும் நடப்பதுதான். நேற்றுவரை கண்ணில் படாத மாடல் இன்று மூலைக்கு மூலை நிற்கும். மொழியியலாளர் ஆர்னல்ட் ஸ்விக்கி 2005ல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். எப்போதும் இருந்ததைப் புதிதாகக் கவனிக்கத் தொடங்கியதும் அது திடீரென்று பெருகிவிட்டதுபோல் மயங்குவதை, அடிக்கடித் தோற்ற மாயை என்று பொருள் வரும்படி சொன்னார். வண்டிகள் பெருகவில்லை, நம் கவனம்தான் இடம் மாறியிருக்கிறது.

ஆனால் இந்த விளக்கம் அதிகமாக ஓடும் கார்களுக்குத்தான் முழுதாகப் பொருந்தும். அரிய வண்டி வைத்திருப்பவர்களின் அனுபவம் வேறு. எனக்கு ஊரெல்லாம் எம்எக்ஸ்-5 தெரியவில்லை. மாதத்துக்கு ஒன்று, சில மாதம் அதுவும் இல்லை. எனக்குப் பெருகியது ஏமாற்றம்தான். தூரத்தில் சிவப்பாக, தாழ்வாக எது வந்தாலும் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளும். பக்கத்தில் வந்தால் வேறு ஏதோ ஒரு கார். ஒன்பது வருடம் ஆன பிறகும் அந்தத் துள்ளல் குறையவில்லை.

பார்க்கப் பார்க்கக் கண் பழகிவிடும் என்பது மட்டும் உண்மை. முதலில் நிறம், வடிவம் என்று மொத்தமாகத் தெரியும். பிறகு பகுதி பகுதியாகப் பிரியும். எம்எக்ஸ்-5 முதன்முதலில் காட்டப்பட்டது 1989 பிப்ரவரியில், சிகாகோ கார் கண்காட்சியில். எழுந்து படுக்கும் விளக்கு இருந்தால் அது 1997 வரை வந்த முதல் தலைமுறை. விளக்கு முகத்திலேயே பதிந்திருந்து, பின்னால் பிளாஸ்டிக்குக்குப் பதில் நிஜக் கண்ணாடி இருந்தால் 1998ல் விற்பனைக்கு வந்த இரண்டாம் தலைமுறை. சக்கரத்தின் மேல் வளைவு நன்றாகப் புடைத்திருந்தால் 2005ல் வந்த மூன்றாவது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பதுபோல் மெல்லிய விளக்கு இருந்தால் 2015ன் நான்காவது. இவ்வளவும் முதல் வருடப் பாடம்.

அதற்கு மேலும் இருக்கிறது. மாஸ்டா என்ற பெயரில் விற்ற ஆரம்பகால வண்டிகளின் மூக்கில் சின்னமே கிடையாது, வழுவழுவென்று இருக்கும். ஜப்பானிலேயே விற்றவற்றுக்கு யூனோஸ் ரோட்ஸ்டர் என்று பெயர், ஆகவே அந்த எழுத்துகளைத் தேடுவேன். 1993ல் 1.8 லிட்டர் இன்ஜின் வந்தபோது சக்கரங்களின் வடிவமும் மாறியது. இதையெல்லாம் உட்கார்ந்து மனப்பாடம் செய்யவில்லை. நேசிக்கிற ஒருவரின் நடையைப் பின்னாலிருந்தே தெரிந்துகொள்வதுபோல, பழகிப் பழகி வந்தது.

சத்தத்தை வைத்துச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் காற்றால் குளிரும் இன்ஜின் பின்னாலிருந்து எழுப்பும் தடதடப்பை வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள முடியாது. சுபாருவின் டர்போ பாக்ஸர் இன்ஜினில், அதாவது சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் எதிரெதிராகப் படுத்திருக்கும் இன்ஜினில், இரண்டு பக்கத்து எக்ஸாஸ்ட் குழாய்களும் நீளத்தில் ஒன்றாக இல்லாத பழைய வண்டிகளில், புகை ஒரே தாளத்தில் வெளியே வராது. விட்டு விட்டு உறுமும். சுபாரு வைத்திருக்கும் நண்பர் ஒருவர் பேச்சை நடுவில் நிறுத்திக் காதைத் திருப்புவார். வண்டி கண்ணுக்குத் தெரியும் முன்பே அவர் முகம் மலர்ந்திருக்கும்.

பீட்டில்காரர்களின் பார்வை இன்னும் கூர்மையானது. 1953 மார்ச் வரை அதன் பின்கண்ணாடி நடுவில் பிளந்து இரண்டு துண்டாக இருந்தது. அதன் பிறகு 1957 வரை ஒற்றை முட்டை வடிவம். அப்புறம் பெரிய செவ்வகம். முன்னால் போகிற வண்டியின் பின்ஜன்னலை மட்டும் பார்த்து எந்தக் காலத்து வண்டி என்று சொல்லிவிடுவார்கள். மொத்தம் 2,15,29,464 பீட்டில்கள் செய்யப்பட்டன. கடைசி வண்டி 2003 ஜூலை 30ல் மெக்சிகோவின் புவேப்லா ஆலையிலிருந்து வெளியே வந்தது. இரண்டு கோடிக்கும் மேல் செய்த கார் என்பதால்தான், பீட்டிலைப் பார்த்ததும் பக்கத்தில் இருப்பவரின் தோளில் குத்துகிற பிள்ளை விளையாட்டு அத்தனை பரவியது. எங்கும் தென்படுகிற கார் இருந்தால்தானே அப்படி ஒரு விளையாட்டு ஓடும்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் சுவீடன் நாட்டுக் கார் சாப் இருக்கிறது. சாப் 900 வைத்திருக்கும் ஒருவரோடு ஒரு முறை நீண்ட நேரம் பேசினேன். சாவி போடும் துளை ஸ்டியரிங் பக்கத்தில் இல்லை, இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவில், கியருக்குப் பின்னால் இருக்கும். அந்த நிறுவனம் 2011 டிசம்பரில் திவாலானது. “இனிமே புதுசா ஒண்ணு பொறக்காதுங்க,” என்றார். “ரோட்டுல ஒண்ணைப் பாத்தா, இன்னும் ஒருத்தர் இதைக் காப்பாத்திட்டு வர்றாருன்னு நெனச்சுக்குவேன்.” அதைச் சொல்லும்போது அவர் கை தன் வண்டியின் கூரைமேல் இருந்தது. எனக்கு அந்த வார்த்தை ரொம்ப நாள் மனதில் சுழன்றது. ஒரு காரை ஓடும் நிலையில் வைத்திருப்பது என்றால் என்ன என்று தெரிந்தவர்தான் எதிரில் வருகிறவரின் உழைப்பையும் கண்டுகொள்ள முடியும். பெயின்ட் பளபளப்பாக இருந்தால் எத்தனை ஞாயிற்றுக்கிழமை போயிருக்கும் என்று தெரியும். இன்ஜின் சீராக ஓடினால் எத்தனை நாள் உதிரி பாகத்துக்கு அலைந்திருப்பார் என்று தெரியும். அந்த நான்கு விரல் அசைப்பில் இதெல்லாம் அடக்கம்.

வணக்கம் சொல்வதற்கு ஒவ்வொரு கூட்டமும் ஒரு வழி வைத்திருக்கிறது. ஜீப்காரர்களின் கையசைப்பு ஊரறிந்தது. எதிரில் ஜீப் வந்தால் கை தூக்காமல் போவது அவர்களிடையே மரியாதைக் குறைவு. 2020ல் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கனடாவின் ஒன்டாரியோவில் ஜீப் வைத்திருந்த ஒரு பெண், யாரோ ஒருவருடைய ஜீப்பில் ரப்பர் வாத்து பொம்மை ஒன்றை வைத்துவிட்டு வந்தார். அது பற்றிக்கொண்டது. இப்போது பல நாடுகளில் ஜீப்பின் டாஷ்போர்டு முழுக்க மஞ்சள் வாத்துகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் முன்பின் தெரியாத இன்னொரு ஜீப்காரர் வைத்துவிட்டுப் போனது. தொற்றுநோய்க் காலத்தில், மனிதர்கள் ஒருவரை ஒருவர் நெருங்கவே பயந்த நேரத்தில் அது பிறந்தது என்பதை நினைத்தால் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

எங்கள் வண்டிக்கு வாய்த்தது விளக்கு. எழுந்து படுக்கும் விளக்கு ஒரு காலத்து வழக்கம். முதன்முதலில் அதைப் போட்டது 1936ஆம் வருட மாடலாக வந்த கார்டு 810 என்ற அமெரிக்கக் கார். அதில் மோட்டார் கூடக் கிடையாது, டாஷ்போர்டில் இருந்த கைப்பிடியைச் சுற்றித்தான் விளக்கை வெளியே கொண்டுவர வேண்டும். மூக்கு தாழ்வாக இருக்க வேண்டும், விளக்கோ சட்டம் சொல்கிற உயரத்துக்குக் குறையக் கூடாது, இந்த இரண்டையும் ஒன்றாகச் சாதிக்க அது நல்ல வழியாக இருந்தது. பிறகு விளக்குகள் சிறியதாகின. மோதினால் நடந்து போகிறவருக்கு அடி குறைவாகப் படும்படி முகப்பு இருக்க வேண்டும் என்ற விதிகளும் வந்தன. பெரிய அளவில் விற்ற கார்களில் கடைசியாக இந்த விளக்கோடு வந்தவை லோட்டஸ் எஸ்பிரிட்டும் ஐந்தாம் தலைமுறை கார்வெட்டும். இரண்டும் 2004ல் நின்றுபோயின. விதி சரியானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் காருக்குக் கண்சிமிட்டத் தெரிந்த காலம் அதோடு முடிந்தது.

அதனால் புதிய எம்எக்ஸ்-5காரர்கள் என்னைப் பார்த்தால் கையைத்தான் தூக்குகிறார்கள், நான் விளக்கைத் தூக்குகிறேன். முதல் தலைமுறை வைத்திருக்கும் சிலர் புதியவற்றுக்குப் பதில் வணக்கம் சொல்வதில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை. 1979ல் பாப் ஹால் என்ற கார் பத்திரிகையாளர், எளிமையான, இலேசான, திறந்த விளையாட்டுக் கார் ஒன்றை நீங்கள் செய்யலாமே என்று மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம் சொன்னதில்தான் இந்தக் கதை தொடங்குகிறது. பத்து வருடம் கழித்துக் கார் வந்தது. 2016 ஏப்ரல் 22ல் பத்து லட்சமாவது வண்டி ஹிரோஷிமாவில் முடிந்தது. அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடாமல் நாடு நாடாகக் கொண்டுபோய், வந்த ரசிகர்கள் பலரை அதன் மேலேயே கையெழுத்துப் போடவைத்தார்கள். அந்த வண்டி நான்காம் தலைமுறை. கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனையோ பேர் பழைய வண்டி வைத்திருந்தவர்களாக இருந்திருப்பார்கள். அவர்கள் பேதம் பார்க்காதபோது நான் யார் பார்க்க?

சரி, ஒரு தப்பையும் சொல்லிவிட வேண்டும்.

வண்டி வாங்கிய முதல் வருடம். இரவு எட்டு மணி இருக்கும். முன்னால் கறுப்பு எம்எக்ஸ்-5 ஒன்று போனது. சக்கரங்கள் நான் அதுவரை நேரில் பார்க்காத வகை. பக்கத்தில் போய்ப் பார்க்கலாம் என்று வேகம் எடுத்தேன். அது திரும்பியது, நானும் திரும்பினேன். மறுபடி திரும்பியது, நானும் கூடவே. விளக்கை அணைத்து அணைத்து எரியவிட்டேன், வணக்கம் சொல்வதாக நினைத்துக்கொண்டு. அந்த வண்டி சட்டென்று வெளிச்சமான பெட்ரோல் பங்க் ஒன்றுக்குள் நுழைந்து ஆட்கள் நடுவில் நின்றது. ஓட்டியவர் ஒரு இளம்பெண். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனைக் காதில் வைத்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும்தான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. இறங்கவில்லை. இறங்கி விளக்கப் போனால் இன்னும் பயந்துவிடுவார். அப்படியே வெளியேறி வீட்டுக்கு வந்தேன். இரவெல்லாம் தூக்கமில்லை. என் பக்கத்திலிருந்து பார்த்தால் அவர் நம்மவர். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால், இருட்டில் பின்தொடர்கிற ஒரு வண்டி.

அன்றிலிருந்து ஓடுகிற வண்டியைத் தொடர்வதில்லை. கடக்கும்போது ஒரு வணக்கம், அதோடு சரி. பதில் வந்தால் சந்தோஷம், வராவிட்டால் அவர் பாட்டுக்கு ஏதோ யோசனையில் இருக்கிறார். நின்றிருக்கும் வண்டியைப் படம் எடுத்தால் நம்பர் பிளேட்டை மறைத்துவிட்டுத்தான் யாருக்கும் அனுப்புவேன். இந்த வண்டி தினம் இந்த இடத்தில் நிற்கும் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன், ஏனென்றால் பழைய வண்டியைத் தேடிக்கொண்டிருப்பவர்களில் திருடர்களும் உண்டு. வீட்டு வாசலில் நிற்பதைப் படமே எடுப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, அடுத்தவர் வண்டியைத் தொடக் கூடாது. எவ்வளவு அழகாக இருந்தாலும் கை பின்னால்தான். இதை மகளுக்கு முதலிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

என் வண்டியையும் யாரோ பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று தெரிந்தது மூன்றாம் வருடத்தில். வேலை முடிந்து வந்து பார்த்தால் வைப்பருக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம். அபராதச் சீட்டாக இருக்குமோ என்று நினைத்துப் பிரித்தேன். பென்சில் எழுத்து. “உங்கள் இடது பிரேக் லைட் எரியவில்லை. டெயில் லைட் எரிகிறது, அதனால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. பல்பில் இரண்டு இழை, ஒன்று போயிருக்கும். அழகாக வைத்திருக்கிறீர்கள். - 94 மாடல், வெள்ளை.” பெயர் இல்லை, நம்பர் இல்லை. வீட்டுக்குப் போய் மனைவியைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்தேன். அவர் எழுதியது எழுத்துக்கு எழுத்து சரி. ஒரே பல்பில் டெயில் லைட்டுக்கு ஒரு இழை, பிரேக்குக்கு ஒன்று. பிரேக் இழை மட்டும் அறுந்திருந்தது. பின்னால் வருகிறவர் மட்டுமே பார்க்கக்கூடிய குறை. பின்னால் எத்தனையோ பேர் வந்திருப்பார்கள், ஒருவர் மட்டும் நின்று பென்சில் தேடியிருக்கிறார். அந்தக் காகிதம் இன்றும் வண்டியின் கையேட்டுக்குள் இருக்கிறது. அதன் பிறகு அந்த வெள்ளை வண்டியை நான் பார்க்கவில்லை. மகள் அன்று பார்த்ததாகவும் இருக்கலாம்.

எல்லாம் இப்படி முடிவதில்லை. நான் தினமும் போகிற வழியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஓரத்தில், மரத்தடியில், வெள்ளி நிறத்தில் ஒன்று நின்றிருந்தது. முதலில் உறை போட்டிருந்தார்கள். உறை கிழிந்தது. பிறகு பறந்தே போயிற்று. ஒரு டயர் உட்கார்ந்தது. பிளாஸ்டிக் பின்கண்ணாடி மஞ்சளாகி, வெடித்து, தொங்கியது. ஒரு நாள் பார்த்தால் இடது விளக்கு மட்டும் பாதி எழுந்து அப்படியே நின்றுவிட்டிருந்தது. ஒரு கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு யாரையோ எதிர்பார்ப்பதுபோல. அந்த வழியாகப் போகவே கஷ்டமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை நானும் ஒரு காகிதம் எழுதினேன். விற்பீர்களா என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி வண்டியைக் கைவிட்டவரைக் குத்திக்காட்டும். அவருக்கு உடம்பு சரியில்லையோ, வேறு என்ன கஷ்டமோ. இரண்டு விஷயம் மட்டும் எழுதினேன். இருக்கைகளுக்குப் பின்னால், கூரை மடங்குகிற மூலைகளில் மழைநீர் வடியத் துளை இருக்கிறது. இலை அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குக் கீழே இருக்கும் இரும்புக்குள் தேங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும், தயவுசெய்து இலையை மட்டும் எடுத்துவிடுங்கள். இரண்டாவது, விளக்கின் மோட்டார் வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை. பானெட்டைத் திறந்தால் மோட்டாரின் மேல் ரப்பர் மூடிக்கு அடியில் ஒரு குமிழ் இருக்கும், கையால் திருகினாலே விளக்கை இறக்கிவிடலாம். கீழே என் போன் நம்பர்.

போன் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து அந்த வழியில் போனபோது இடது விளக்கு படுத்திருந்தது. டயர் அப்படியே, கண்ணாடி அப்படியே. விளக்கு மட்டும் மூடியிருந்தது. வண்டியை நிறுத்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் வண்டியே அங்கே இல்லை. இலைகளுக்கு நடுவில் ஒரு நீள்சதுரம் மட்டும் சுத்தமாக இருந்தது. ஓட்டிக்கொண்டு போனார்களா, லாரியில் ஏற்றினார்களா என்பது தெரியாது. இப்போதும் வெள்ளி நிறத்தில் ஒன்றைப் பார்த்தால் என் கண் முதலில் இடது விளக்குக்குத்தான் போகிறது.

போன மாதம் நடந்ததைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

மகளும் நானும் ஒரு பெரிய கடையின் வண்டி நிறுத்துமிடத்துக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். அவளுக்கு இப்போது பதினைந்து வயது. வானம் கறுத்துக் கிடந்தது. நான் போகும்போதே கூரையை மூடிவிட்டுத்தான் போயிருந்தேன். இரண்டு வரிசை தள்ளி கரும்பச்சையில் ஒரு எம்எக்ஸ்-5. பழுப்புத் தோல் இருக்கை, மரத்தில் செய்த கியர் குமிழ். 1991ல் சிறப்புப் பதிப்பாக வந்த சேர்க்கை அது, படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். கூரை முழுசாகத் திறந்து கிடந்தது.

முதல் துளி என் கைமேல் விழுந்தது. அடுத்தது அந்தத் தோல் இருக்கையில். கறையாக விரிந்தது. சுற்றிலும் பார்த்தேன். யாரும் ஓடி வரவில்லை. மகள் என்னைப் பார்த்தாள். அடுத்தவர் வண்டியைத் தொடக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். மழை சடசடவென்று வேகமெடுத்தது.

“மூடிடலாம்ப்பா,” என்றாள்.

கையிலிருந்த பையைக் கீழே வைத்தேன். மடித்த கூரையின் முன்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து, பின்னாலிருந்து தூக்கி முன்னால் கொண்டுவந்தேன். கதவைத் திறந்து, நனைந்த இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடிச் சட்டத்தோடு சேர்த்து இழுத்து, இடது கொக்கி, வலது கொக்கி. இருட்டிலும் செய்வேன், நூற்றுக்கணக்கான தடவை செய்திருக்கிறேன். மகள் அதற்குள் அந்தப் பக்கம் ஏறி, பிளாஸ்டிக் கண்ணாடியின் ஜிப்பை மூலையில் சிக்காமல் வளைத்து இழுத்துக்கொண்டிருந்தாள். மடிப்பு விழுந்தால் வெடித்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. இறங்கிக் கதவைச் சாத்தினோம்.

தலைமேல் பையைப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மா ஓடி வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தன் வண்டியின் பக்கத்தில் இரண்டு பேர் நனைந்துகொண்டு நிற்பதைப் பார்த்ததும் நடை தயங்கியது.

“யாரு தம்பி நீங்க?”

“மன்னிச்சுக்கோங்கம்மா. மழை வந்திடுச்சு, கூரை திறந்திருந்தது. கேக்காம தொட்டுட்டேன்.” இரண்டு வரிசைக்கு அப்பால் கையைக் காட்டினேன். “அந்தச் சிவப்பு என்னுது.”

அவர் திரும்பிப் பார்த்தார். மழையில் என் வண்டியின் மூக்கு மட்டும் இரண்டு கார்களுக்கு நடுவில் தெரிந்தது. குனிந்து தன் வண்டியின் ஜன்னல் வழியாகப் பின்னால் பார்த்தார். ஜிப் எப்படிப் போடப்பட்டிருக்கிறது என்றுதான் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. என் மகளின் தலையில் ஈரக் கையை வைத்தார்.

“நீ போட்டியாம்மா ஜிப்பு?”

தலையாட்டினாள்.

அவருடைய போன் அடித்தது. அந்தப் பக்கம் வீட்டுக்காரர் போலிருக்கிறது, சத்தம் எங்களுக்கே கேட்டது. “ஒண்ணும் ஆகலைங்க,” என்றார் அந்த அம்மா. “சீட்டு கொஞ்சம் நனைஞ்சிருக்கு, அவ்வளவுதான். நம்மாளு ஒருத்தர் மூடிட்டாரு.”

அதற்கு மேல் அதிகம் பேச மழை விடவில்லை. வடிகால் துளையை இந்த வாரம் பார்த்துவிடச் சொன்னேன், மாதா மாதம் பார்க்கிறேன் தம்பி என்றார். நாங்கள் எங்கள் வண்டிக்கு ஓடினோம். வைப்பரைப் போட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பச்சை வண்டி எங்கள் முன்னால் மெதுவாக வந்தது. மழைக்காக ஹெட்லைட் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது, இரண்டு கண்ணும் எழுந்து நின்றன. எங்களைத் தாண்டுவதற்கு முன் நிறுத்தினார். விளக்கை அணைத்தார். கண்கள் இரண்டும் உள்ளே போய்ப் படுத்தன. ஒரு நொடி. மறுபடி எழுந்து, எரிந்து, வாசலை நோக்கித் திரும்பின. என் கை பொத்தானுக்குப் போவதற்குள் மகள் அழுத்திவிட்டாள்.